ஐயர் இல்லை, ஓமம் இல்லை: இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

மே 4, 2024. வந்த கேள்வி

"சடங்கு நடக்காத இந்துத் திருமணம் செல்லாது, பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக எல்லா சேனலிலும் ஓடுகிறது. அப்படியென்றால் ஐயர், ஓமம், ஏழடி எதுவும் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் இனி செல்லாதா? எங்களுக்கு ஆகஸ்டில் கல்யாணம். வீட்டில் இதை வைத்தே சண்டை நடக்கிறது."

மே 4, இரவு

செல்லும். கல்யாணம் தமிழ்நாட்டுக்குள் நடக்க வேண்டும், இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியர் எல்லாரும் அந்தச் சட்டத்தில் இந்துக் கணக்குதான்), மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும், இருவரில் யாருக்கும் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் துணை இருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தால் ஐயர் வேண்டியதில்லை.

என் தம்பிக்கும் ஆகஸ்ட் 11-இல் இதே முறையில்தான் கல்யாணம். வீட்டில் மூத்தவள் நான், பொறுப்பு முழுக்க என் தலையில். சில மாதமாக இதைத்தான் படிக்கிறேன், இதைத்தான் கேட்கிறேன்.

இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அதன் 7-ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவரது வழக்கப்படியான சடங்கு நடக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதோடு 7-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது சிலர் முன்னால் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னாலும் சரி, மாலை மாற்றிக்கொண்டாலும் சரி, மோதிரம் போட்டுக்கொண்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, அது முழுத் திருமணம்.

இப்போது ஓடும் செய்திக்கு வருகிறேன். ஏப்ரல் 19 தேதியிட்ட தீர்ப்பு அது. விமானி பயிற்சி முடித்த இருவர், எந்தச் சடங்கும் நடக்காமலே ஓர் அமைப்பிடம் திருமணச் சான்று வாங்கி, அதை வைத்து உத்தரப் பிரதேச விதிப்படி 2021-இல் பதிவும் செய்துவிட்டார்கள். உண்மையான கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதற்குள் முறிந்துபோயிற்று. நடக்காத கல்யாணத்துக்குப் பதிவு எப்படி உயிர் கொடுக்கும் என்று நீதிமன்றம் கேட்டது, திருமணமே இல்லை என்று அறிவித்தது. நம் 7-அ முறையில் நடந்த கல்யாணத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஆனால் நமக்கும் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. "முதலில் ரிஜிஸ்டர் பண்ணிவிடுவோம், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். கையெழுத்து போடுவது திருமணம் ஆகாது. இருவரும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதுதான் திருமணம், அல்லது மாலை மாற்றுவது. பதிவு அதற்குச் சாட்சி.

மே 5

உறுதிமொழி, மாலை, தாலி மூன்றும் இருந்தால்தான் செல்லும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. சட்டத்தில் நடுவில் இருப்பது "அல்லது". எந்த ஒன்று நடந்தாலும் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு செய்வதாக முடிவு. உறுதிமொழி, அப்புறம் மாலை. ஒன்று காதுக்கு, ஒன்று கண்ணுக்கு. பின்னாளில் யாராவது கேள்வி கேட்டால் ஒலிப்பதிவும் இருக்கும், படமும் இருக்கும்.

மே 9

"இவ்வளவு எளிதாக இருந்தால் எதற்கு ஒரு தனிப் பிரிவு?" என்று கேட்டவருக்கு.

எளிதாகக் கிடைத்ததில்லை அது. பெரியார் 1928-இல் அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தினார். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகிற தூரம்தான். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. நடத்தியவர்களுக்கும் செய்துகொண்டவர்களுக்கும் அது கல்யாணம், சட்டத்துக்கு அல்ல. 1953-இல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இந்த முறையில் நடந்த திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். இருபது வருடம் குடும்பம் நடத்திய ஒரு பெண் ஒரே நாளில் மனைவி இல்லை என்று ஆகிறாள், பிள்ளைகளுக்குச் சொத்தில் உரிமை இல்லை என்று ஆகிறது. 1955-இல் வந்த சட்டமும் இதைச் சரி செய்யவில்லை.

அண்ணா முதலமைச்சராக வந்ததும் 1967-இல் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, முன்னால் நடந்த எல்லா சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று எழுதியதுதான். அத்தனை வருடம் கேள்விக்குறியோடு இருந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வரியில் பதில் கிடைத்தது.

எங்கள் அப்பத்தாவுக்கு இதை எடுத்துச் சொன்னேன். "அப்போ தாலி வேணாம்னு சொல்றியா, வேணும்னு சொல்றியா?" என்று கேட்டார். அதுதான் அவர் கவலை. தாலி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மே 18

வழக்கறிஞர் அலுவலகத்தில் வைத்து மாலை மாற்றிக்கொண்டால் செல்லுமா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எதற்காக அங்கே போகிறீர்கள் என்பதும் புரிகிறது.

2014-இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் அதைத் தள்ளிவிட்டது. 7-அ கேட்பது உறவினரோ நண்பரோ வேறு யாரோ சிலர் இருக்க வேண்டும் என்பதைத்தான். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. வீட்டை எதிர்த்து, சாதியை மீறித் திருமணம் செய்கிறவர்களை ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்தினால் அது அவர்கள் உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். வழக்கறிஞர் அங்கே நீதிமன்ற அதிகாரியாக நிற்கவில்லை, நண்பராகவோ தெரிந்தவராகவோ நிற்கிறார். அப்படி நின்று நடத்திவைக்க அவருக்குத் தடை இல்லை.

ஆகவே செல்லும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கறிஞர் எழுதித் தரும் தாள் திருமணம் ஆகாது. அந்த அறையில் நீங்கள் இருவரும் உண்மையில் மாலை மாற்ற வேண்டும் அல்லது சொல்ல வேண்டும், பார்த்தவர்கள் இருக்க வேண்டும், படம் இருக்க வேண்டும். "கையெழுத்து மட்டும் போடுங்க, மாலையெல்லாம் எதுக்கு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மே 19

நேற்றைய குறிப்புக்குச் சின்ன சேர்க்கை. கல்யாணம் ஆகவில்லை என்று பின்னால் கைவிரிக்கும் ஆண்களிடமிருந்தும் இந்தப் பிரிவு பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2001-இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கு. முதல் மனைவி இருக்கும்போது இன்னொருவருக்குத் தாலி கட்டியவர், ஏழடி வைக்கவில்லை, அதனால் இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை, குற்றமும் இல்லை என்று வாதாடினார். 7-அ படி தாலி கட்டினாலே திருமணம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தப்பிக்க முடியவில்லை.

ஜூன் 2

மதம் வேறாக இருந்தால் என்ன செய்வது? இதைத் தனியாக, கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர் அல்லது முஸ்லிம் என்றால் 7-அ உங்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு பெரிய மண்டபத்தில், எத்தனை தலைவர்கள் முன்னால் மாலை மாற்றினாலும் இந்துத் திருமணச் சட்டம் உங்களைத் தொடாது. யாரும் மதம் மாற வேண்டாம் என்றால் எந்த மதத்தாருக்கும் பொதுவாக இருக்கிற வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

அதில் முதல் வேலை நோட்டீஸ். இருவரில் ஒருவராவது எந்த எல்லைக்குள் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்கிறாரோ அங்குள்ள திருமண அலுவலரிடம் கொடுக்க வேண்டும். நம் மாநிலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இது நடக்கும். அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் காத்திருப்பு. அதற்குள் யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அலுவலர் விசாரித்து 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆட்சேபம் என்றால் "எனக்குப் பிடிக்கவில்லை", "வேறு சாதி", "வேறு மதம்" எல்லாம் செல்லாது. வயது ஆகவில்லை, ஏற்கெனவே துணை இருக்கிறார், விலக்கப்பட்ட உறவு (சட்டப்படி மணக்கக் கூடாத நெருங்கிய உறவு), சம்மதம் தரும் மனநிலை இல்லை என்ற மாதிரி சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணத்தை முடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து நோட்டீஸ்.

திருமண நாளன்று மூன்று சாட்சிகள் வேண்டும். இரண்டு போதும் என்று நினைத்துப் போய் வாசலில் நிற்கும் யாரையோ கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சாட்சி நாளைக்கு எங்கே இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? உங்களை அறிந்த மூன்று பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டப்படியும் திருமணத்தை நீங்கள் விரும்பும் வடிவத்தில் செய்யலாம். அலுவலகத்தில்தான் என்று இல்லை, நியாயமான தூரத்துக்குள் வேறு இடத்துக்கும் கூடுதல் கட்டணம் கட்டி அலுவலரை வரச் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எந்த வடிவம் என்றாலும், உங்களைச் சட்டப்படியான கணவராக அல்லது மனைவியாக ஏற்கிறேன் என்று இருவரும் அலுவலர் முன்னாலும் மூன்று சாட்சிகள் முன்னாலும் உங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லியே ஆக வேண்டும். இங்கேயும் சட்டம் கடைசியில் வந்து நிற்பது வாய்ச்சொல்லில்தான்.

ஜூன் 3

"நோட்டீஸை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று பயந்து கேட்ட பெண்ணுக்கு. வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அப்படி அனுப்புவது தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மணமக்கள் விரும்பாவிட்டால் நோட்டீஸை ஒட்டவே வேண்டாம் என்றது. ஆனால் அது நம் மாநில அலுவலகங்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது. இங்கே ஒட்டுவார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஆபத்து இருக்கிறது என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அப்புறம் நோட்டீஸ்.

30 நாள் ஒட்டிவைக்கும் இந்த ஏற்பாடு போக வேண்டும் என்பது என் திடமான எண்ணம். வயது வந்த இருவரின் முகவரியைச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பவர்கள் வரலாம் என்று அரசாங்கமே அழைப்பது என்ன நியாயம்?

ஜூன் 5

இருவரும் இந்துவாக இருந்து சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தால் சொத்துரிமை போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1976-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அது உண்மை இல்லை. இருவரும் இந்து, பௌத்தம், சமணம், சீக்கியம் இவற்றுக்குள் என்றால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கணக்கு இல்லை, வாரிசுரிமையும் பழையபடியே. மதம் வேறு என்றால்தான் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும், கூட்டுக் குடும்பத்திலிருந்தும் பிரிந்ததாக ஆகும். குடும்பச் சொத்து உள்ளவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஜூன் 15

அத்தை மகனைக் கட்டப்போகிறவர் கேட்ட கேள்வி. நம் ஊரில் இது சாதாரணம், முறைப்பையன் முறைப்பெண் என்றுதான் வளர்க்கிறார்கள். ஆனால் இரண்டு சட்டத்திலும் அண்ணன் தங்கை பிள்ளைகள் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் வருகிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் வழக்கம் அனுமதித்தால் செய்யலாம் என்று விதிவிலக்கு இருக்கிறது, நம்மிடம் அந்த வழக்கம் காலங்காலமாக இருக்கிறது, எனவே 7-அ வழியில் சிக்கல் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்திலோ அந்த வழக்கத்தை அரசு கெஜட்டில் அறிவித்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உறவுக்குள் செய்கிறவர்கள் சுற்றிப் போக வேண்டாம், 7-அ தான் நேர் வழி. (உறவுக்குள் கல்யாணம் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். என் பெரியம்மா வீட்டில் அந்த வேதனையைப் பார்த்திருக்கிறேன்.)

ஜூன் 16

பெங்களூரில் வைத்தால் செல்லுமா? 7-அ தமிழ்நாட்டுத் திருத்தம். கல்யாணத்தை எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூரில் வையுங்கள். வரவேற்பை அங்கே வையுங்கள்.

ஜூன் 23

இனி ஏற்பாடு. ஆகஸ்ட் 11 ஆடி மாதம். தெரிந்தேதான் வைத்தோம். வைகாசியிலும் ஆவணியிலும் மண்டபத்துக்குப் பறக்க வேண்டும், ஆடியில் மண்டபக்காரரே போன் எடுத்துப் பேசுகிறார். வாடகையைக் குறைத்தார், முந்தின நாள் மாலையையும் சேர்த்துக் கொடுத்தார். சமையல் மாஸ்டர் சும்மா இருக்கும் மாதம், ஆட்களைக் குறைக்காமல் கொண்டுவருகிறேன் என்கிறார். புடவையும் வேட்டியும் ஆடித் தள்ளுபடியில் எடுத்தாயிற்று.

உறவில் சிலருக்கு முகம் சுருங்கியது. ஆடியில் கல்யாணமா என்று சித்தி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, யாரும் லீவு போட வேண்டாம், எல்லாரும் வர முடிகிற நாள்தான் நல்ல நாள் என்று அப்பா சொன்னார். நேரம் காலை பத்தரை. வெளியூரிலிருந்து முதல் பேருந்து பிடித்து வருகிறவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார அதுதான் வசதி.

அழைப்பிதழை அவசரத்தில் அடிக்காதீர்கள். நாளைக்குப் பதிவுக்குப் போகும்போது அதுவே முதல் ஆதாரம். மணமக்கள் முழுப்பெயர், பெற்றோர் பெயர், தேதி, மண்டபத்தின் முழு முகவரி, யார் தலைமை என்பது எல்லாம் இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் போட்டு அடித்த அழைப்பிதழோடு சார்பதிவாளர் முன்னால் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜூலை 7

உறுதிமொழி. பலரும் கேட்டதால் தம்பியும் மணப்பெண்ணும் சேர்ந்து எழுதியதை அவர்கள் அனுமதியோடு போடுகிறேன்:

"இங்கே கூடியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் நான் உன்னை என் மனைவியாக (கணவனாக) ஏற்கிறேன். எனக்கு உள்ள எல்லா உரிமையும் உனக்கும் உண்டு. உன் வேலை, உன் நட்பு, உன் பெற்றோர் மீது உனக்குள்ள கடமை எதையும் நான் தடுக்க மாட்டேன். வருமானத்தையும் வீட்டு வேலையையும் பிள்ளை வளர்ப்பையும் சேர்ந்தே சுமப்போம். கருத்து வேறுபட்டால் பேசித் தீர்ப்போம், கை ஓங்க மாட்டேன், பேசாமல் இருந்து தண்டிக்க மாட்டேன்."

கடைசி வரி அவள் சேர்த்தது. இருவரும் அதே வரிகளைத்தான் சொல்வார்கள். வழக்கமாக மாப்பிள்ளை "உன்னை" என்பார், பெண் "உங்களை" என்பாள். இங்கே இருவருக்கும் "உன்னை".

ஜூலை 8

"வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்வதுதானே நம் மரபு?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும், முதல் வரைவில் அதுதான் இருந்தது. சட்டம் கணவன், மனைவி என்று கேட்கிறது. அப்பாவின் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், அவர்தான் சட்டத்தில் உள்ளபடியே இருக்கட்டும், வம்பு எதற்கு என்றார். துணை என்ற சொல்லை அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ள யார் தடுக்கப் போகிறார்கள்?

ஜூலை 21

மேடைப் பேச்சு. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, பத்துப் பேர் வாழ்த்துரை, நன்றியுரை என்று இரண்டு மணி நேரம் போகும் கல்யாணங்களில் மணமக்கள் வாயே திறப்பதில்லை. மாலையோடு வியர்த்து நிற்கிறார்கள். கீழே குழந்தைகள் அழுகின்றன, பந்தியில் சாம்பார் ஆறுகிறது. ஐயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேச்சாளரை உட்கார வைத்தால் என்ன மாறியது? இந்த முறையின் உயிரே மணமக்கள் தாங்களே சொல்வதில் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் தலைமை தாங்குபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் பேசுவார். இரண்டு வீட்டிலும் ஒவ்வொருவர் பேசுவார்கள். அவ்வளவுதான்.

பெண்ணைத் தலைமை தாங்கக் கூப்பிடுங்கள். கணவனை இழந்தவரைக் கூப்பிடுங்கள். மற்ற கல்யாணங்களில் ஓரமாக நிற்க வைக்கப்படுகிற மனுஷிகள் இங்கே நடுவில் நிற்கட்டும். எங்கள் ஆசிரியை அப்படிப்பட்டவர்தான். கேட்டபோது, "நானா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 22

தாலி. அவளுக்கு வேண்டாம். தம்பிக்கும் வேண்டாம். பெண் வீட்டு ஆச்சிக்கு வேண்டும், எங்கள் அப்பத்தாவுக்கு வேண்டும். சட்டப்படி பார்த்தால் தேவையில்லை, மாலையே போதும். நான் முதலில் ஒரே பிடியாக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு ஆச்சியோடு உட்கார்ந்து பேசியபோது அவர் பயம் வேறு என்று புரிந்தது. தாலி இல்லாவிட்டால் நாளைக்கு என் பேத்தியை அவர்கள் மனைவி இல்லை என்று சொல்லிவிட்டால்? அவர் காலத்தில் அப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். 1953 தீர்ப்பைப் படித்த எனக்கு அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே ஆச்சிக்குப் பதிவுச் சான்றிதழைப் பற்றி விளக்கினோம். கல்யாணம் முடிந்ததும் வாங்கி லேமினேட் செய்து உங்கள் கையில் தருகிறோம் என்று அவள் சொன்னாள். ஆச்சி யோசிக்கிறேன் என்றார்.

ஜூலை 24

ஆச்சி சரி என்றுவிட்டார். அப்பத்தா இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 4

ஆடியில் வைக்கிறவர்கள் கவனிக்க: ஆடி ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், குழாய் ஒலிபெருக்கி காலையிலேயே ஆரம்பித்துவிடும். எங்கள் மண்டபத்துக்கு நேர் எதிரில் கோயில். விழாக் குழுவில் போய்ப் பேசினோம். பத்தரையிலிருந்து பதினொன்று வரை நிறுத்தித் தருகிறோம், நீங்களும் வந்து கூழ் குடித்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

மேளக்காரருக்கும் இதையே சொல்லுங்கள். என் மாமா மகள் கல்யாணத்தில் இருவரும் உறுதிமொழி சொல்ல ஆரம்பித்ததும் யாரோ கையைக் காட்ட, கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். வீடியோவில் உதடு அசைவது மட்டும் தெரிகிறது, ஒரு சொல் கேட்காது. உறுதிமொழி முடிந்து மாலை மாற்றும்போதுதான் மேளம். வீடியோக்காரரிடம், அந்த இரண்டு நிமிடம் கேமராவை வாழ்த்துபவர்கள் பக்கம் திருப்பாதே, மைக்கிலிருந்து நேராக ஒலி எடு என்று எழுதியே கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13

நல்லபடியாக நடந்தது. வாழ்த்திய எல்லாருக்கும் நன்றி. அவள் காகிதத்தைப் பார்க்காமல் சொன்னாள், தம்பி பார்த்துத்தான் சொன்னான், கை நடுங்கியது. ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். மேளம் சரியான இடத்தில் வந்தது. ஆசிரியை பேசும்போது முதல் வரிசையில் இருந்த பெண்கள் பலர் கண்ணைத் துடைத்தார்கள். தாலி கட்டவில்லை. அப்பத்தா தன் கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி மாலை மாற்றிய பிறகு அவள் கழுத்தில் தானே போட்டுவிட்டார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

பதிவு முடிந்தது. கேட்டவர்களுக்கு விவரம்.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. எந்த மதம், எந்த முறை என்றாலும் பதிவு கட்டாயம். திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதைத் தாண்ட விடாதீர்கள். இந்துத் திருமணச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாததாலேயே திருமணம் செல்லாமல் போகாது. ஆனால் பாஸ்போர்ட், விசா, காப்பீடு, ஓய்வூதியம் என்று எதற்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

அழைப்பிதழ், மாலை மாற்றும் படம், வயது மற்றும் முகவரி ஆதாரம், இருவர் படம், சாட்சிகள் அவர்களுடைய அடையாள அட்டையோடு. திருமணத்தை நடத்திவைத்தவர் கையெழுத்து போடும் இடத்தில் எங்கள் ஆசிரியை போட்டார். அலுவலகத்தில் ஒருவர், கோயில் ரசீது எங்கே, ஐயர் யார் என்று கேட்டார். சுயமரியாதைத் திருமணம், 7-அ பிரிவு என்றேன். அழைப்பிதழையும் படத்தையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். இந்த மாதிரி கேட்டால் பதறாதீர்கள், குரலை உயர்த்தவும் வேண்டாம். பிரிவின் நம்பரைச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 7

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள்: சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயரின் எழுத்தைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முன்னெழுத்து விரிவாக இருக்கிறதா என்பது உட்பட. பிறகு திருத்தம் கேட்டு அலைவது பெரும்பாடு. அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும் முத்திரை) வேண்டுமென்றால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம். மூலப் பிரதி இரண்டு கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டு வையுங்கள். ஆச்சிக்குக் கொடுத்தது நகல்தான், லேமினேட் செய்தது. மூலப் பிரதியை லேமினேட் செய்யாதீர்கள், முத்திரை வைக்க இடம் இருக்காது.